சத்தம் போடாத பிரேக்

கிரீ...ச்!

விடிந்தும் விடியாத நேரத்தில், கழுத்தைப் பிடித்த கோழி கத்துகிற மாதிரி அந்தச் சத்தம் நீளமாக எழுந்து அடங்கியது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த பாண்டியம்மாளின் கை அப்படியே நின்றது. தெருமுனையில் மகள் சைக்கிளை நிறுத்துகிறாள்.

பாண்டியம்மாள் நிலைக்கதவில் சாய்ந்து முன்கூடத்தை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அவள் புருஷன் தங்கச்சாமி புரண்டார். போர்வையை இழுத்துத் தலையோடு மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

இன்றைக்கும் தப்பியாயிற்று. எத்தனை நாளைக்குத் தப்பும்?

கொல்லைப்புறமாக ஓடினாள். பக்கத்து வீட்டுச் சந்தனமாரியின் தொழுவத்தில் இப்போது மாடு கிடையாது. அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பருத்திமார் கட்டுகளுக்குப் பின்னால் ஜெயப்பிரியா சைக்கிளைச் செருகிக்கொண்டிருந்தாள். வேர்வையில் குளித்திருந்தாள்.

"ஏட்டி, சைக்கிளை நிப்பாட்டுதியா, இல்ல ஊரைக் கூட்டுதியா?"

"தெருமுனையிலயே இறங்கித் தள்ளிக்கிட்டுத்தானம்மா வாரேன். இறங்கணும்னா நிப்பாட்டணும். நிப்பாட்டணும்னா பிரேக்கைப் பிடிக்கணும்."

"காலை ஊனி நிப்பாட்டு."

"காலை ஊனி நிப்பாட்டுறதுக்கு மாமா எதுக்கு டிஸ்க் பிரேக் வச்ச சைக்கிள் வாங்கித் தந்தாரு? நடவண்டி வாங்கித் தந்திருக்கலாம்லா."

"வாய் மட்டும் குறைச்சலில்ல. அப்பா முழிச்சிருந்தா தெரியும் உன் சங்கதி."

அந்தச் சைக்கிள் இந்த ஊரிலேயே இல்லை என்றுதான் தங்கச்சாமி நினைத்துக்கொண்டிருந்தார். அதாவது, அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பாண்டியம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் இருக்கும் அவள் தம்பி காசிராஜன் போன வருஷம் வாங்கி அனுப்பியது. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். தடித்த டயர், முன்னாலும் பின்னாலும் சக்கரத்தின் நடுவே, பிரேக் கவ்விப் பிடிக்க, பளபளவென்று ஓட்டை போட்ட இரும்புத் தட்டு. வந்த அன்றைக்கு ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. தங்கச்சாமியும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஜெயப்பிரியா கண்மாய்க்கரைச் சரிவில் விழுந்ததில் தாடையில் தையல் போட்டார்கள். அடுத்த மாதமே ஓட்டப்பிடாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காப்பியைக் குடித்துவிட்டு, "பிள்ளைக்கு முகத்துல தழும்பு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூடியிருந்த மாமன் மச்சான் அத்தனை பேர் முன்னாலும் தங்கச்சாமி எழுந்து நின்று சொன்னார்:

"இனிமே அந்தச் சைக்கிள் சத்தம் என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே அது கிணத்துல கிடக்கும்."

சொன்னால் செய்கிற மனுஷன். டீக்கடையில் எவனோ ஏதோ பேசிவிட்டான் என்று இனிமேல் அந்தக் கடையில் கால் வைப்பதில்லை என்றவர், கடை கைமாறிய பிறகும் கால் வைக்கவில்லை. அதனால் சைக்கிளைத் திருப்பூருக்கே திருப்பி அனுப்பிவிட்டதாகப் பாண்டியம்மாள் பொய் சொன்னாள். "சரி" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜெயப்பிரியா கோவில்பட்டிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அங்கே விளையாட்டு டீச்சர் உமாராணி, மாநில சைக்கிள் பந்தய அணித் தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஊட்டிப் பக்கம். அதில் எடுபட்டால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுபடாவிட்டால் அவ்வளவுதான். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

"இந்த ஒண்ணை விட்டா வேற ஒண்ணு இல்லம்மா" என்று மகள் சொன்னாள். வேறு ஒன்று என்ன என்பது பாண்டியம்மாளுக்குத் தெரியும். காலையில் வேன் வரும்; அவளைப் போலவே ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டும்; மருந்து நாற்றத்தோடு திரும்பி வர வேண்டும். அல்லது தழும்பைப் பொறுத்துக்கொள்கிற ஒருவன் வருகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் பிரேக் கத்த ஆரம்பித்தது.

ஐப்பசி மழையில் கரிசல் மண் களியாகிப் பிரேக்குக்குள் ஏறி, காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகிவிட்டதாம். பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. பிடித்தால் ஊரை எழுப்பியது. புதன்கிழமை கல்லூரி லீவு. காலையில் தங்கச்சாமி மிளகாய்க்குக் களை எடுக்கப் போனதும், ஜெயப்பிரியா சைக்கிளைத் தொழுவத்துக்குள்ளேயே தலைகீழாக நிறுத்தினாள். கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் அண்ணாச்சி புதிதாக இரண்டு ஜோடி பிரேக் கட்டை கொடுத்திருந்தார். சுத்தமான துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தட்டைத் துடைத்தாள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாள். மறுபடியும் துடைத்தாள். ஆஸ்பத்திரி வாசம் அடித்தது.

"நல்லாப் பளபளன்னு இருக்கே" என்று பாண்டியம்மாள் விரலை நீட்டினாள்.

"கை வைக்காதம்மா!"

"ஏன், சுடுமா?"

"ஆமா, சுடும். அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்றாள் மகள், ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு.

விளக்கிச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. அம்மாவுக்குக் கேட்கவும் நேரம் இல்லை. ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது.

சாயங்காலம், அப்பா வருவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று ஜெயப்பிரியா கிளம்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். தெருமுனையில் எழுந்த சத்தத்தில் சந்தனமாரி வீட்டுக் கூரைக் காக்கை பறந்தது. முன்னைவிட இரண்டு மடங்குச் சத்தம்.

"என்னட்டி இது? ரிப்பேர் பாத்தியா, ரேடியோ வாங்கிட்டு வந்தியா?" என்றாள் சந்தனமாரி வேலிக்கு மேலே தலையை நீட்டி.

ஜெயப்பிரியாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "எம்மா, ஒத்த விரலாலதான் தொட்டேன், கப்புனு நிக்குது! புதுக் கட்டை பழகுற வரைக்கும் கத்தத்தான் செய்யுமாம். அண்ணாச்சி சொன்னாரு. ஒரு வாரம் பத்து நாள்ல அதுவே அடங்கிரும்."

பத்து நாள்! பாண்டியம்மாளுக்கு அந்த வார்த்தை மட்டும்தான் காதில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று விடியல் இருக்கிறது. மூன்று விடியலிலும் இந்தச் சத்தம் எழும்பினால், செவிடனுக்கும் கேட்கும். ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் எழுந்து போய்ப் பார்த்தால் போதும். கிணறு பத்தடி தூரத்தில் இருக்கிறது.

பாண்டியம்மாள் மெஷினுக்கு நடுவில் வாழ்கிறவள். ஆபீசில் எந்தச் சக்கரம் கிறீச்சிட்டாலும் போர்மேன், "எண்ணெய் விடு" என்பான். விட்டால் அடங்கிவிடும். வீட்டில் கதவுக் கீல், கிணற்று ராட்டினம், தையல் மெஷின், கிரைண்டர் எல்லாமே அப்படித்தான். கத்துகிற இரும்புக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஸ்பிரிட்டை ஊற்றி இருக்கிற பசையையும் துடைத்துவிட்டுச் சத்தம் வருகிறது என்கிறார்கள்!

விளக்கு வைத்ததும் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றினாள். சுவரில் செருகியிருந்த கோழி இறகை எடுத்தாள். தொழுவத்துக்குள் போய்ப் பருத்திமாரை விலக்கி உட்கார்ந்தாள். தட்டின் இரண்டு பக்கமும் இறகால் தடவினாள். கட்டை கவ்வுகிற இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முன்சக்கரம், பின்சக்கரம். பிரேக்கைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வழவழவென்று சுற்றியது. ஒரு முனகல் இல்லை.

வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, "தாயே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இரு" என்று சைக்கிளிடமே சொன்னாள்.

வியாழக்கிழமை விடியலில் சத்தம் இல்லை.

பாண்டியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இல்லவே இல்லை. முகம் மலர்ந்துபோய் அவள் முன்கூடத்தை எட்டிப் பார்த்தபோது, தங்கச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குறட்டை விடுகிற நேரத்தில் மனுஷன் விழித்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"என்னங்க, அதுக்குள்ள எந்திச்சிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல." எழுந்து போய் வாசலில் நின்றார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "பிள்ளை எங்க?"

பாண்டியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ளதான் தூங்குதா. படிச்சுட்டுப் பிந்திப் படுத்தா."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்ப வந்து படுத்தார். ஆனால் குறட்டை வரவில்லை. கொல்லைக் கதவு திறந்து, ஜெயப்பிரியா உள்ளே வந்து, குடத்தில் சொம்பு முட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் போர்வையை இழுத்து மூடினார்.

மோப்பம் பிடித்துவிட்டாரோ? பாண்டியம்மாளுக்கு அன்றைக்கு முழுவதும் வேலையில் கை ஓடவில்லை. இனி ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் தீர்ந்தது கதை.

மகளும் முகம் வாடித்தான் இருந்தாள்.

"நேத்து அவ்வளவு நல்லாப் பிடிச்சுதும்மா. இன்னைக்குப் பஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. சத்தமும் இல்ல, பிடியும் இல்ல. அண்ணாச்சிட்டக் காட்டலாம்னா, கடை பூட்டு. சங்கரன்கோவில்ல கல்யாணமாம். போன்ல கேட்டேன். புதுக் கட்டை இன்னும் உக்காந்திருக்காது, இறக்கத்துல விட்டு விட்டுப் பிடிச்சுப் பழக்கு, சரியாயிரும்னாரு. கம்பியை இழுத்து இறுக்கியிருக்கேன். நாளைக்குக் கண்மாய்க்கரையில வச்சுப் பாக்கேன்."

"பிடிச்சா மறுபடியும் கத்துமா?"

"கத்துனா நல்லதும்மா. கத்தட்டும்."

கத்தட்டுமாமே! வீட்டுக்குள் நடப்பது இவளுக்கு எங்கே தெரிகிறது? கம்பியை வேறு இறுக்கி வைத்திருக்கிறாள். பாண்டியம்மாள் அன்றைக்கும் விளக்கு வைத்ததும் கிண்ணத்தை எடுத்தாள். முதல் நாள் சிக்கனமாகத் தடவியவள், இந்தத் தடவை தாராளமாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை சத்தம் இல்லை.

சோறு கொதித்தது. வடித்தாள். சத்தம் இல்லை. கிழக்கே வெளுத்துவிட்டது. மகள் கொல்லைப்புறம் வந்திருப்பாள் என்று எட்டிப் பார்த்தாள். பருத்திமார் கட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. முன்கூடத்துக்கு வந்தாள்.

கட்டிலும் காலியாக இருந்தது. ஆணியில் தொங்கும் டார்ச் லைட்டைக் காணவில்லை.

'போச்சு' என்று தரையில் உட்கார்ந்தாள். கண்டுபிடித்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். எழுந்து கிணற்றடிக்குத்தான் முதலில் ஓடினாள். தண்ணீர் கலங்காமல் கிடந்தது.

அப்போதுதான் சந்தனமாரி தெருவிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏ பாண்டி! கண்மாய்க்கரையில... உன் பிள்ளை விழுந்துட்டாட்டி! பாலத்துச் சுவருல மோதிட்டா!"

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பாண்டியம்மாள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மகளின் வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு எலும்பு, முழங்கையில் ஒன்று முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் முழங்கையை அறுத்துக் கம்பி வைக்க வேண்டும், கை பழையபடி மடங்குமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவர் போன பிறகு கட்டிலின் மேல் கிடந்த செல்போன் அடித்தது. உமாராணி டீச்சர். ஊட்டிக்கு எந்த பஸ் என்று சொல்வதற்காக இருக்கும். யாரும் எடுக்கவில்லை. அடித்து அடித்து அதுவாக நின்றது.

ஜெயப்பிரியா அழவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இறக்கத்துல வாரேன்மா. கீழ ரோட்டுல டார்ச் லைட்டோட ஒரு ஆளு. துண்டைத் தலையில போட்டிருக்கு. கிட்ட வந்தப்புறம்தான் அப்பான்னு தெரிஞ்சுது. பிடிச்சேம்மா. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். வழுக்கிக்கிட்டே போகுது. ஒரு சத்தம் வந்திருந்தாக்கூட அவிய விலகியிருப்பாவ. அதுவும் வரல. அவிய மேல போறதா, சுவத்துல போறதான்னு..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. "நீதானம்மா சொன்ன, அவியளுக்குத் தெரியாதுன்னு. என்னையப் பிடிக்க வந்துட்டாவளே."

பாண்டியம்மாள் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் தங்கச்சாமி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மகளின் ரத்தமும் கரிசல் புழுதியும். டார்ச் லைட் இன்னும் கையில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அதைப் பார்த்ததும் பாண்டியம்மாளுக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எதிர்த்துப் பேசாதவள் பேசினாள்.

"எதுக்கு அங்கன போனீங்க? சொன்ன சொல்லைக் காப்பாத்தவா? இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கு? சைக்கிளைக் கிணத்துல போடப் போயி பிள்ளையைச் சுவத்துல போட்டுட்டு வந்திருக்கீங்களே! நல்லாயிருக்கா? இப்ப நல்லாயிருக்கா?"

தங்கச்சாமி தலையைத் தூக்கவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. லிங்கராஜ். சேதி கேட்டுக் கல்யாண வீட்டிலிருந்து நேரே ஊருக்குப் போய்ச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பட்டுக்கரை வேட்டி கசங்கியிருந்தது. முன்சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

"அக்கா, பிள்ளை எப்படி இருக்கா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தங்கச்சாமியிடம் திரும்பினார். "அண்ணாச்சி, நேத்து என்கிட்டக் கேட்டா அண்ணாச்சி. பிடிக்க மாட்டேங்குதுன்னு கேட்டா. நான்தான் பழக்குன்னு சொன்னேன். என் கட்டைதான் சரியில்லையோ, நான்தான் பிள்ளையைக் கெடுத்துட்டேனோன்னு பதறிப்போய்க் கழட்டிப் பாத்தேன்."

ஆட்டோவுக்குள் கையை விட்டுப் பின்சக்கரத் தட்டைக் கட்டை விரலால் வழித்தார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். தங்கச்சாமியின் முன்னால் நீட்டினார்.

"மோந்து பாருங்க. நல்லெண்ணெய். தோசைக்கு விடுற மாதிரி விட்டிருக்கு. இந்தப் பிரேக்குல ஈரக்கை படக்கூடாது, தலையில தேய்ச்ச எண்ணெய்க் கை பட்டாக்கூடப் பிடிக்காது. பிள்ளைக்கு அது நல்லாத் தெரியும், அவ தொட்டிருக்க மாட்டா. எந்தப் பாவி செஞ்ச வேலைன்னு தெரியல. அவ ஜெயிச்சிரக்கூடாதுன்னு ஊருக்குள்ள எவனுக்கோ வயித்தெரிச்சல். போலீசுல சொல்லுவோம் அண்ணாச்சி. விடக்கூடாது."

பாண்டியம்மாள் தன் முந்தானையைப் பார்த்தாள். நுனியில் திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறை. இரண்டு நாளாக அதே சேலை. நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தாள். உள்ளே மறுபடியும் செல்போன் அடிக்கத் தொடங்கியது.

"போலீசுக்குப் போக வேண்டாம் தம்பி" என்றாள்.

லிங்கராஜ் புரியாமல் பார்த்தார். அவள் லிங்கராஜைப் பார்க்கவில்லை. புருஷன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் விட்டேன். கோழி இறகை வச்சு நான்தான் தடவுனேன். கத்துச்சு... விடியக்காலம் ஊரே கேக்குற மாதிரி கத்துச்சு. சத்தம் உங்க காதுல விழுந்தா கிணத்துல போட்டுருவீங்கன்னு..." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கேட்டுறக்கூடாதுன்னுதாங்க விட்டேன்!"

தங்கச்சாமி டார்ச் லைட்டை அணைத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"தினமும் அந்தச் சத்தம் கேட்டாத்தானட்டி பிள்ளை பத்திரமா வந்துட்டான்னு நான் கண்ணசருவேன், ரெண்டு நாளா அது கேக்கலையேன்னுதான் தேடிப் போனேன்."